யமனுக்கு அடையாள அட்டை

பலாபத்வலை தாண்டியதும் வீதியோரத்தில் ஒரு மதகு. அந்த மதகின் மேல் யமதர்மராசா குந்தியிருக்கிறார். தலையில் பிஸ்கட் தகரப் பேணியை வெட்டிச் செய்த கிரீடம், வயிற்றில் எங்கள் வீட்டுத் தலையணை, முகத்தில் பாதியை மறைக்கும் கறுத்த மீசை. பக்கத்தில் அவருடைய எருமை. எருமையின் வாய்க்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து தேசிய அடையாள அட்டையைச் சிப்பாயிடம் நீட்டுகிறது.

நான் வேனுக்குள் இருந்தேன். அந்தக் காலையை எப்போது நினைத்தாலும் சூடேறிய றெக்சின் இருக்கையின் வாசமும், யாரோ உரித்த தோடம்பழத்தின் மணமும்தான் முதலில் வரும். பயம் அதற்குப் பிறகு வரும்.

எருமையின் அட்டை சரியாக இருந்தது. சிக்கல் யமனுடையதில். படத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு மெல்லிய பெண்பிள்ளை. நேரில் யமன். மீசையைக் கழற்றும்படி சிப்பாய் சொன்னான். யமன் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தார். மீசை வரவில்லை. மேலுதடுதான் வந்தது.

சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் சரி செய்துகொண்டு, சற்றுத் தள்ளி நின்ற தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான்.

மீசை வராததற்கு நானே காரணம். ஆனால் அந்த யமன் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லாமல் மீசைக்கு வர முடியாது.

வீட்டில் வளர்ந்த யமன்

அப்போது நான் உக்குவளையில் தபால் அதிபர். கணவர் மாத்தளையில் கணித ஆசிரியர். இரண்டு பேருக்கும் ஊர் வடமராட்சி. இடமாற்றத்தில் வந்தவர்கள், இரண்டொரு வருடத்தில் போய்விடலாம் என்று பெட்டிகளைக்கூட முழுதாக அவிழ்க்கவில்லை. பிறகு சண்டை தொடங்கி, ஊருக்குப் போக முடியாமல் போய்விட்டது. பெட்டிகளை அவிழ்த்தோம். மகள் சுகந்தி பிறந்தாள்.

பெண்கள் பாடசாலை நாடகத்தில் ஆண்களும் பெண்களே. யாருக்குத் தொண்டை பெரிதோ அவளுக்கு யமன் வேடம். அப்படித்தான் அது சுகந்திக்கு வந்தது. முதல் மேடையில், பிரதம விருந்தினர் முன்வரிசையில் இருக்க, கோதுமைமாப் பசையில் ஒட்டிய மீசை ஒரு பக்கம் கழன்று, ஆடி, நிலத்தில் விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்து, தூசு தட்டி, சபைக்குக் காட்டிச் சொன்னாள்:

"மீசைக்கும் இடமாற்றம் வந்திட்டுது."

முன்வரிசை முழுக்க அரசாங்க உத்தியோகத்தர்கள். சிரிப்பு அடங்க நெடுநேரமானது. அன்றிலிருந்து அவள் யமனை விடவில்லை. கடையில் பாண் வாங்கப் போனாலும் "யமன் வந்திருக்கு" என்பார்கள்.

பாடசாலையை விட்ட பிறகு எங்கள் முன்னறையில் ஓர் இளைஞர் குழுவைத் தொடங்கினாள். அதற்கென்று அவளே ஒரு நாடகம் எழுதினாள். உயிர் எடுக்க மாத்தளைக்கு வரும் யமனைச் சோதனைச் சாவடியில் மறிக்கிறார்கள். அவரிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். நான் பிறக்கவேயில்லை என்கிறார். அப்படியென்றால் உள்ளே விட முடியாது என்று எருமையோடு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தப் பகிடி ஆகாயத்திலிருந்து விழவில்லை. அவளுடைய சிநேகிதி செல்வராணி பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பிறந்ததை யாரும் பதியவில்லை. தான் பிறந்ததை நிரூபிக்க அவள் கந்தோர் கந்தோராக அலைந்த கதையைத்தான் சுகந்தி யமன் தலையில் கட்டினாள். செல்வராணிக்கு ஒருவழியாக அட்டை கிடைத்த அன்று இரண்டு பேரும் எங்கள் அடுப்படியில் நின்று அதை மாறி மாறி முகர்ந்து பார்த்தார்கள். புது பிளாஸ்ரிக் மணம் பிடித்திருக்கிறது என்றார்கள்.

நாடகத்தைச் சில ஊர்களில் போட்டார்கள். அடுத்த ஊருக்குப் போகுமுன் சுகந்திக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூட இல்லை. பத்தொன்பது வயது. அதைப் பற்றி இந்தத் தொடரில் எழுதப் போகிறேன் என்று வாரா வாரம் உட்காருகிறேன். இந்த வாரமும் முடியவில்லை.

இளைஞர்களுக்காக முதியோர் நடத்திய விழா

முதலாம் வருட நினைவு நெருங்கியபோது ஊர்ச் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். பேச்சுப் போட்டிக்கு ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம் வைக்கலாம் என்றார். மகள் இளம் பிள்ளைகளைத் தலைமை தாங்க வைத்தவள், அதற்கேற்ற மாதிரி ஏதும் செய்தால் நல்லது என்று கணவர் மெல்லச் சொன்னார். தலைவருக்கு அது உடனே பிடித்துவிட்டது. இளைஞர் தலைமைத்துவ விழா என்று பெயரும் வைத்துவிட்டுத்தான் எழும்பினார்.

விழா நடந்தது. குத்துவிளக்கு, தேவாரம், தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை. மேடையில் இருந்தவர்களில் வயதில் குறைந்தவள் நான். எனக்கு முழங்கால் வலி தொடங்கி நெடுநாளாகியிருந்தது. இளைஞர்கள் முன்னுக்கு வர வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நம்பி முன்வரிசைக்கு வந்த சிலரை, விருந்தினர் வருகிறார்கள், பின்னுக்குப் போங்கள் என்று எழுப்பினார்கள்.

சிறப்புரையாற்றியவர் ஒவ்வொரு தடவை "இறுதியாக" என்று சொன்னபோதும் சோடா கொடுக்கும் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, பிறகு திரும்பிப் போனார்கள்.

இளைஞர் சார்பில் ஒரேயொரு பேச்சு இருந்தது. செல்வராணியின் நன்றியுரை. அவள் முறை வந்தபோது மண்டபத்துக் காவலாளி பூட்டுவதற்குத் திறப்புக் கோர்வையைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். சுருக்கமாக முடிக்கும்படி தலைவர் காதில் சொன்னார். அவள் ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"எல்லாருக்கும் நன்றி. கதிரைய நாங்க அடுக்குறோம்."

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஒரு வருடத்தில் முதல் தடவை. சபையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் தீர்மானமாகச் சொன்னார். கிண்ணத்துக்கென்று ஒதுக்கியதை அந்தப் பிள்ளைகளின் கையிலேயே கொடுப்போம். என்ன செய்வது, எங்கே போவது, எல்லாம் அவர்கள் பாடு. முன்னறையும் அவர்களுக்கு. நாங்கள் ஒன்றும் கேட்கக்கூடாது.

"ஒண்டுமே கேக்கக்கூடாதோ?"

"இஞ்சாரும், முக்கியமா நீர் கேக்கக்கூடாது."

தேத்தண்ணியும் கூட்டமும்

முன்னறையில் கூட்டம் கூடியது. செல்வராணியைத் தலைவராக்கினார்கள். நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவலை நிறுத்தினால் நன்றாகக் கேட்கும் என்பதால் அடிக்கடி நிறுத்தினேன். சுகந்தியின் நாடகத்தை லக்கலவுக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். அங்கேயும் இளம் பிள்ளைகள் ஒரு குழு தொடங்கியிருக்கிறார்களாம். பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் போடுவார்களாம்.

லக்கலவுக்கு பஸ் போவதே அபூர்வம். பொழுதுபட்டால் வீதியில் யானை. போகும் வழியெல்லாம் உண்மையான சோதனைச் சாவடிகள். அவற்றைத் தாண்டிப் போய், சோதனைச் சாவடியைப் பகிடி பண்ணும் நாடகம். நான் தட்டில் தேநீரை வைத்துக்கொண்டு முன்னறைக்குள் போய், லக்கலவா என்று கேட்டேன்.

"ஆன்டி, தேத்தண்ணி குடுக்க வந்தீங்களா, கூட்டத்துக்கு வந்தீங்களா?" என்றாள் செல்வராணி.

"தேத்தண்ணி குடுக்க."

"அப்ப வச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டுப் போனேன். ஆனால் அன்றிரவு சாப்பிடவில்லை. ஒரு பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவளுக்கு மற்றப் பிள்ளைகள் தும்மினாலும் நெஞ்சு அடைக்கும். அடுத்த கூட்டத்தில் நானும் வருகிறேன் என்று கெஞ்சினேன். அவர்கள் வாக்கெடுத்தார்கள். மயிரிழையில் வென்றேன். நிபந்தனை ஒன்று: வேனில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நான் வாய் திறக்கக்கூடாது. சரியென்றேன். கணவர் சுவரைப் பார்த்துச் சிரித்ததை நான் கண்டுகொள்ளவில்லை.

வேனில் ஏறுவதற்கு முன் வாய் திறக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே இரண்டு காரியம் செய்தேன். அங்கே பெண்பிள்ளைகள் உடுப்பு மாற்றக் கதவுள்ள அறை இருக்குமோ தெரியாது, எல்லோரும் இங்கேயே வேடம் கட்டிக்கொண்டு ஏறுங்கள் என்றேன். இப்போது யமனாகும் செல்வராணியின் மீசை விழாமல் நிற்க, மாப்பசையைவிடப் பலமாக ஏதாவது கொண்டுவரும்படி நிஸாமிடம் சொன்னேன்.

எருமையாக நடிக்கும் நிஸாமின் வாப்பாவுக்கு உக்குவளையில் சைக்கிள் கடை. அவன் கொண்டுவந்தது ஓட்டை ஒட்டும் சொலுஷன்.

"ட்யூபுக்கே நிக்கிது ஆன்டி. மூஞ்சிக்கு நிக்காதா?" என்றான்.

நின்றது.

மதகடியில்

இப்போது மதகுக்குத் திரும்பலாம்.

மேலதிகாரி வந்தார். நடுத்தர வயது, களைத்த கண்கள். அட்டையைப் பார்த்தார், யமனைப் பார்த்தார், தண்டாயுதத்தைத் தூக்கி உதறினார். உள்ளே பாரத்துக்குப் போட்டிருந்த புளியங்கொட்டைகள் சலசலத்தன. அவர் அதைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, இவர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

அந்த வருடங்களில் "கொஞ்சம் விசாரிக்க வேண்டும், வந்துவிட்டுப் போ" என்ற சொல்லுக்கு நாங்கள் எப்படி நடுங்கினோம் என்பதை இளைய வாசகர்களுக்கு விளக்க எனக்குத் தெரியாது. அப்படிப் போய்ச் சிலர் பின்னேரமே வந்தார்கள். சிலர் மாதங்கள் கழித்து வந்தார்கள். மற்றவர்களைப் பற்றி அவர்களுடைய தாய்மார் என் கந்தோரில் கடிதம் வந்ததா என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்கள்.

நான் வேனிலிருந்து குதித்து இறங்கினேன். வாயும் திறந்தேன். சிங்களத்தில் சொன்னேன்: நான் தபால் அதிபர், அரசாங்க உத்தியோகத்தர், இந்த யமன் என் மகள்.

தபால் அதிபரின் மகளென்றால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்தக் கணத்தில் அவ்வளவுதான் நினைத்தேன் என்று சொல்ல ஆசை. ஆனால் அந்தத் தலையணை வயிற்றையும் கிரீடத்தையும் பார்த்தபடி "என் மகள்" என்று சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில் நாக்கு முந்திக்கொண்டது என்பதும் உண்மை.

மேலதிகாரி என் அட்டையையும் வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். என்னுடையதில் ஒரு விலாசம், அவளுடையதில் தோட்டத்து விலாசம். அவளுடைய முழுப்பெயரில் வேறொரு தகப்பனின் பெயர். யாருடைய மகள் என்று அவர் கேட்டார். குரலில் இப்போது களைப்பு இல்லை. வருடக்கணக்காகக் கந்தோர்க் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பேசிய என் சிங்களம் முழுவதும் என்னை விட்டுப் போயிருந்தது.

யமன் மதகிலிருந்து இறங்கினார். முதலில் என்னிடம்தான் வந்தார்.

"ஆன்டி, வேனுக்குள்ள போயி ஒக்காருங்க."

என் மகள் வயதுப் பிள்ளை, அவ்வளவு தாழ்ந்த குரல். நான் போய் உட்கார்ந்தேன். பிறகு செல்வராணி அதிகாரியைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினாள். தான் அந்த அம்மாவின் மகள் இல்லை. அவருடைய மகள் தனக்கு முன் தலைவராக இருந்தவள். போன வருடம் செத்துவிட்டாள். இது அவள் எழுதிய நாடகம். அம்மா பொய் சொன்னது பயத்தில். பயம் வந்தால் அவருக்கு எல்லோரும் பிள்ளைகள்தான்.

என்ன நாடகம் என்று அதிகாரி கேட்டார்.

ஏதாவது சாமிக் கதை என்று சொல்லிவிடு பிள்ளை என்று நான் மாத்தளை அம்மனைக் கும்பிட்டேன். செல்வராணி உள்ளதைச் சொன்னாள். யமன் வருகிறார், சாவடியில் மறிக்கிறார்கள், அட்டை இல்லை, திருப்பி அனுப்புகிறார்கள்.

எருமை மெல்ல நிலத்தில் உட்கார்ந்தது.

யமன் யாரை எடுக்க வருகிறார் என்று அதிகாரி கேட்டார். யாரையென்று நாடகத்தில் சொல்வதில்லை, உள்ளே விடாததால் ஒருவரும் சாவதில்லை என்றாள் செல்வராணி. அவர் தண்டாயுதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை அவளிடம் கொடுத்து, செய்து காட்டு என்றார்.

தார் வீதியில், பின்னால் லொறிகள் வரிசையாக நிற்க, நாடகம் நடந்தது. தொடங்கிய சிறிது நேரத்திலேயே அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் நாடகத்தைத் திருத்தினார். நாங்கள் முதலில் அட்டை கேட்பதில்லை, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்றுதான் கேட்போம், அட்டை அதற்குப் பிறகு. திருத்தியபடி மறுபடி செய்தார்கள். நான் பிறக்கவேயில்லை என்று யமன் சொன்ன இடத்தில் இளம் சிப்பாய் சிரித்துவிட்டு, சிரிக்கலாமோ என்று மேலதிகாரியைப் பார்த்தான். ஒரு லொறிச் சாரதி கை தட்டினார்.

முடிந்ததும் அதிகாரி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. யமன் எங்கள் சாவடிகளுக்கு அடிக்கடி வருகிறவர்தான், இதுவரை யாருக்கும் அட்டை கேட்கத் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டு, வீதிக்குக் குறுக்கே கிடந்த தடியை உயர்த்தி வழி விட்டார்.

வேன் நாவுலப் பக்கம் ஏறும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நிபந்தனை எல்லோருக்கும் போட்ட மாதிரி இருந்தது. பிறகு எருமைத் தலைக்குள்ளிருந்து நிஸாம் கேட்டான்.

"ஆன்டி, என்னையும் மகன்னு சொல்லியிருக்கலாந்தானே?"

லக்கல

லக்கலவில் பாடசாலை மண்டபம் நிறைய வயல்காரர்களும், காடு வெட்டிப் பயிரிடும் சேனைக்காரர்களும். பெண்பிள்ளைகள் உடுப்பு மாற்றக் கதவுள்ள அறை இரண்டு இருந்தது. நான் கடைசி வரிசை வாங்கில் போய் இருந்தேன்.

அதிகாரி திருத்திய வசனத்துடனேயே நாடகத்தைப் போட்டார்கள். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று யமன் புலம்பும் இடத்தில், முதிய விவசாயி ஒருவர் எழும்பி, தன் நெல்லை மிதித்த யானையைக் கொண்டுபோகும்படி சிங்களத்தில் சத்தம் போட்டார். அதற்கும் அட்டை இல்லையே என்று யமன் உடனே சொன்னார். மண்டபம் குலுங்கியது. அது சுகந்தி எழுதாத வசனம். அவள் எழுதாத வசனத்துக்கு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், அந்த வண்டி வயிற்றுக்காரி நல்லாகச் செய்கிறாள், யாருடைய பிள்ளை என்று விசாரித்தாள். அதற்கு எப்படிப் பதில் சொல்லக்கூடாது என்று காலையில்தான் படித்திருந்தேன்.

மீசையை அந்த ஊர்ப் பெண்கள் மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டுக் கழற்றினார்கள். பொழுதுபட முன் புறப்பட்டோம். திரும்பும்போது செல்வராணி என் பக்கத்தில் வந்து இருந்தாள். மேலுதடு கொவ்வைப்பழம் போல் சிவந்திருந்தது.

"ஆன்டி, கோவிக்காதீங்க. அடுத்த வருஷம் நீங்க வர வேணாம்."

"நான் பொய் சொன்னதுக்கோ?"

"அதுக்கில்ல. நீங்க பயந்து நடுங்குறப்ப நாங்க ஆமிக்காரனப் பாக்குறதா, ஒங்களப் பாக்குறதா?"

யன்னலுக்கு வெளியே சேனைகளில் காவல் தீ மூட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பிள்ளை சொன்னது சரி என்பதும், அது எனக்கு நோகிறது என்பதும் ஒன்றையொன்று குறைக்கவில்லை.

கந்தோரில் ஒரு பகல்

அடுத்த வருடம் வேன் நான் இல்லாமல் லக்கலவுக்குப் போனது. போகும் பாதையை நான் கேட்கவில்லை. என்ன நாடகம் என்றும் கேட்கவில்லை. காலையில் கந்தோரைத் திறந்து, முத்திரைகளைக் கிழித்து அடுக்கினேன். கை எட்டும் தூரத்தில் தொலைபேசி. லக்கலத் தபாற்கந்தோரின் இலக்கம் எனக்கு மனப்பாடம். கூப்பிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வந்தவர்களுக்கு மீதிக் காசைப் பிழையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாடசாலை விடுமுறை. கணவர் முத்திரை வாங்க வந்தார். சற்று நேரத்தில் இன்னொரு முத்திரை வாங்க வந்தார். யாருக்குக் கடிதம் என்று நான் கேட்கவில்லை.

நண்பகலில் தொலைபேசி அடித்தது.

"ஆன்டி, வந்து சேந்துட்டோம்." செல்வராணி.

"நான் கேக்கேல்லையே, பிள்ளை."

"கேக்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் நானே எடுத்தேன்."

சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"தெரியல. தலைவர்கிட்டக் கேட்டாத்தான் தெரியும்."

"நீதானே தலைவர்?"

"இல்ல ஆன்டி. போன கூட்டத்துல எறங்கிட்டேன். இப்ப பரமேஸ்வரி. அடுத்த மாசந்தான் பதினேழு முடியுது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வேன் டயரப் பாக்கல. குடிக்கத் தண்ணி எடுக்கல. மழை வரும் போல இருக்கு, கூரை ஒழுகுற பக்கம் மேடையப் போடுறா. நான் ஒண்ணும் சொல்லக் கூடாதாம். எனக்கு வாய் நமநமங்குது. நீங்க எப்பிடி ஆன்டி சும்மா இருக்கீங்க?"

"எங்க இருக்கிறன்? முத்திரை விக்கிறன்."

அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு சின்னப் பிள்ளை அதட்டிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. தலைவர் கூப்பிடுறா ஆன்டி என்று சொல்லி, என்னிடம் ஒருநாளும் காட்டாத பணிவோடு செல்வராணி ஓடினாள்.